ஐந்து புள்ளி, ஒரு குமிழ்: விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு முகம் அமைத்த அனுபவம்

பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. விசிறி (தூரிகையில்லா மோட்டாரில் ஓடும் மின்சிக்கன விசிறி) மாட்டிய வீடுகளில் ஒரு தொல்லை பொதுவாக இருக்கிறது. முன்பு 75 வாட் அளவில் மின்சாரம் இழுத்த விசிறியின் இடத்தில், முழு வேகத்திலும் ஏறத்தாழ 28 வாட்டில் ஓடும் விசிறி வந்துவிடுகிறது. ஆனால் இந்த வகை விசிறியைச் சுவரிலுள்ள ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது என்பதால் ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கிறார்கள். அதன்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ரிமோட் ஒன்றுதான் வழி. அந்த ரிமோட் சோபா இடுக்கில் கிடக்கும், அல்லது தலையணைக்கு அடியில் கிடக்கும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ரெகுலேட்டர் விட்டுச் சென்ற வேலையை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு சுவர்க் கருவியைச் செய்து மாட்டியிருக்கிறேன். அதன் மின்சுற்று எளிமையானது. உழைப்பில் பெரும்பகுதி அதன் முகத்துக்கே போனது என்பதால், இந்தப் பதிவும் பெரும்பாலும் முகத்தைப் பற்றியதே.

கடையில் கிடைக்கும் தொடுகண்ணாடிப் பலகைகளை முதலில் பார்த்தேன். கறுப்பு அல்லது வெள்ளைக் கண்ணாடி, அதன்மேல் ஒளிரும் சிறு குறிகள், மற்றபடி வழவழப்பான சமதளம். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்க்காமல் அவற்றை இயக்க முடியாது என்பதே என் முதல் தடை. கண்புரை அறுவை செய்துகொண்ட என் அம்மா, இரவில் எழுந்தால் விளக்கைப் போடாமல் கையை நீட்டிச் சுவரைத் தடவித்தான் விசிறியைக் குறைப்பார். பழைய ரெகுலேட்டரின் குமிழ் அதற்கு இடம் கொடுத்தது. ஆகவே மூன்று தேவைகளை எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டேன். இருட்டில் விரல் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கூடத்தின் மறுகோடியில் அமர்ந்திருப்பவருக்கும் விசிறி எத்தனையாம் வேகத்தில் ஓடுகிறது என்பது தெரிய வேண்டும். அணைந்திருக்கும் நேரத்தில் அது ஓர் இயந்திரமாகத் தெரியாமல் வீட்டுக்கு உரிய பொருளாகத் தெரிய வேண்டும்.

முன்மாதிரி தேடும்போது மனத்தில் நின்றவை இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து 1953ஆம் ஆண்டு ஹனிவெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்ட வடிவ வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி. அதற்கு முன்பு அத்தகைய கருவிகள் நீள்சதுரப் பெட்டிகளாகவே இருந்தன. சுவரில் சற்றுச் சாய்ந்தாலும் அந்தச் சாய்வு கண்ணை உறுத்தும். வட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் வெளி மூடியைக் கழற்றிச் சுவரின் நிறத்தையே பூசி மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. இன்னொன்று, டோனி ஃபாடெல் தொடங்கிய நெஸ்ட் நிறுவனம் 2011இல் வெளியிட்ட கருவி. கணினித் திரை ஒன்றைச் சுவரில் பதித்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைக் கையால் திருப்பச் செய்தார்கள். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தும் இரண்டிலும் மனிதக் கை செய்யும் செயல் ஒன்றுதான்: பற்றித் திருப்புவது. எங்கள் ஊர் விசிறி ரெகுலேட்டரிலும் அதே செயல்தான். எனவே வட்டம், குமிழ் என்ற இரண்டும் முதலிலேயே உறுதியாகிவிட்டன.

வரைபடம் போடும் முறையை வடிவமைப்புப் பதிவுச் சட்டங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம், ஒரு பொருளின் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம் முதலியவை கண்ணுக்குத் தோன்றும் விதத்துக்கு மட்டுமே பாதுகாப்புத் தருகிறது. அது வேலை செய்யும் தத்துவத்துக்குத் தருவதில்லை. பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமைகளிலும் கருவியின் செயல்பாட்டைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை. உரிமைகோரும் வாசகம் ஒரே வரியில் முடிந்துவிடும், மீதி முழுவதும் படங்கள்தாம். முன், பின், இடம், வலம், மேல், கீழ் ஆகிய ஆறு திசைத் தோற்றங்களோடு கோணத் தோற்றம் ஒன்றையும் சேர்த்து வழக்கமாக ஏழு படங்கள் தருவார்கள். உரிமை கோரும் பகுதி முழுக்கோட்டிலும், சுற்றுப்புறத்தைக் காட்டுவதற்காக மட்டும் வரையப்படும் பகுதி விட்டுவிட்டு வரும் கோட்டிலும் இருக்கும். பதிவு செய்யும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் ஏழு தோற்றங்களையும் வரைந்தே தீருவது என்றும், சுவர், பக்கத்திலுள்ள சுவிட்ச் பலகை, கதவு நிலை ஆகியவற்றை விட்டுவிட்டு வரும் கோட்டில் கூடவே வரைவது என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

இந்தக் கட்டுப்பாட்டின் பலன் பக்கத் தோற்றத்தில் தெரிந்தது. சுவர்க் கருவி என்றாலே எல்லோரும் முன்பக்கத்தைத்தான் வரைகிறோம். ஆனால் எங்கள் கூடத்தில் வாசல் வழியாக நுழைபவருக்கு முதலில் தெரிவது அந்தச் சுவரின் பக்கவாட்டுத் தோற்றமே. கருவி அங்கே ஒரு தட்டாகத் தெரியாமல் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் ஒரு கட்டியாகத் தெரியும். 12 மி.மீ. கனமுள்ள பலகையை அப்படியே ஒட்டினால் விளிம்பு முரட்டுத்தனமாக நின்றது. பலகையின் பின்விளிம்பை உள்நோக்கிச் சரிவாகச் சீவிவிட்டு, சுவருக்கும் அதற்கும் நடுவே 2 மி.மீ. ஒதுக்கம் விட்டபோது அங்கே மெல்லிய நிழல் கோடு ஒன்று விழுந்து, 12 மி.மீ. பலகை பாதிக் கனமாகத் தோன்றியது. முன்தோற்றப் படத்தில் இந்த மாற்றம் துளியும் தெரியாது. சுவரில் மாட்டும் எதையேனும் வடிவமைக்கும் நண்பர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பக்கத் தோற்றத்தை முதலில் வரையுங்கள்.

அலங்காரம் என்று வந்தபோது, சிற்ப வேலையில் வரும் மாங்காய், தாமரை, கொடி என எல்லாம் கண்முன் வந்து போயின. அவற்றில் எதை எடுத்தாலும் கருவியின் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லாமல் மேலே ஒட்டியதாகவே நின்றது. விசிறிக்கு ஐந்து வேகம் என்பதால் ஐந்து புள்ளிகள் எப்படியும் தேவை. புள்ளி வைத்தபின் அதைச் சுற்றிக் கோடு இழுப்பது நம் வீட்டு வாசலில் தினமும் நடப்பதுதானே என்று தோன்றியதும் வழி திறந்துவிட்டது. சிக்குக் கோலத்தில் வரிசையாக வைத்த ஐந்து புள்ளிகளைச் சுற்றி, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒருமுறை குறுக்கிட்டுச் செல்லும் கோடு, நான்கு குறுக்கீடுகளுடன் எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். அந்த வரிசையை நேர்கோட்டில் வைக்காமல் குமிழைச் சுற்றி வில்லாக வளைத்தேன். புள்ளிகள் இடமிருந்து வலமாக 3, 3.5, 4, 4.5, 5 மி.மீ. விட்டத்தில் வளர்கின்றன, முதல் வேகத்துக்குச் சிறியது, ஐந்தாம் வேகத்துக்குப் பெரியது. எண்கள் எதையும் பொறிக்கவில்லை. வட்டத்தின் மீதிப் பகுதி முழுவதும் வெற்று மரம். அங்கேயும் ஏதாவது வரையலாமே என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். ஆனால் அந்த வெறுமை இல்லாவிட்டால் விரலுக்குக் கோலம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது.

இதில் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒரு கணக்கு நிறைய யோசிக்க வைத்தது. பழைய ரெகுலேட்டரின் குமிழுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. குமிழின் முனை காட்டும் எண்தான் வேகம். நான் பயன்படுத்தும் ரோட்டரி என்கோடர் (குமிழ் திரும்புவதைப் படிப்படியாக எண்ணிச் சொல்லும் பாகம்) முடிவில்லாமல் சுழல்வது, ஏனெனில் ரிமோட்டிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வேகத்தை மாற்றிவிட்டால் முனை உள்ள குமிழ் பொய் சொல்லத் தொடங்கிவிடும். எனவே குமிழில் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. நிலையைச் சொல்வது புள்ளியின் ஒளி மட்டுமே. ஈ.சி.11 வகை என்கோடரில் ஒரு சுற்றுக்கு 20 தட்டல்கள் (திருப்பும்போது கைக்குத் தெரியும் ‘டிக்’ நிறுத்தங்கள்), அதாவது 18 பாகைக்கு ஒன்று. ஒரு தட்டலுக்கு ஒரு வேகம் என்று வைத்தால் கை 18 பாகை திரும்பும்போது ஒளி அதைவிட அதிக தூரம் தாவும்; கையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் நகர்வது பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாத ஒரு நெருடலைத் தரும். புள்ளிகளையே 18 பாகை இடைவெளியில் நெருக்கினால் கோலக் கோட்டுக்கு இடமில்லை. ஆகவே இரண்டு தட்டலுக்கு ஒரு வேகம் என்று வைத்து, புள்ளிகளை 36 பாகை இடைவெளியில் அமைத்தேன். மையத்திலிருந்து 35 மி.மீ. ஆரத்தில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 21.6 மி.மீ. கிடைக்கிறது, ஆட்காட்டி விரல் தாராளமாக உட்காரும். முதல் தட்டலில் அடுத்த புள்ளி மங்கலாக எழும். இரண்டாவது தட்டலில் அது முழுதாக ஒளிர, விசிறியின் வேகம் மாறும். கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே ஒளியும் நகர்கிறது.

பலகைக்குப் பழைய ஜன்னல் சட்டத்தின் தேக்கை எடுத்தேன். பல ஆண்டுகள் காய்ந்த மரம் என்பதால் புதுத் தேக்கைப் போல வளையும் அச்சம் குறைவு. அப்படியும் மரம் வரியோட்டத்துக்குக் குறுக்கே மழைக்காலத்தில் சற்று விரியும், கோடையில் சுருங்கும். அதனால் பின்பக்கத் திருகுத் துளைகளை வட்டமாகப் போடாமல் வரிக்குக் குறுக்கே நீள்வட்டமாகப் போட்டிருக்கிறேன். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக அறுத்தபின் 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தேன்.

கோலக் கோட்டைப் பெயர்ப்பலகை வெட்டும் கடையின் சி.என்.சி. ராவுட்டரில் (கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரத்தில்), வி வடிவ முனையால் 0.8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டிக்கொடுத்தார்கள். வரியோட்டத்தோடு செல்லும் இடங்கள் கண்ணாடிபோல வந்தன. குறுக்கே செல்லும் இடங்களில் விளிம்பு சிலும்பிக்கொண்டு நின்றது. கூரிய கத்தி முனையால் விளிம்பை ஓட்டி, உப்புத்தாளைப் பாதியாக மடித்து அந்த மடிப்பை மட்டும் பள்ளத்துக்குள் இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். இங்கே நேரம் செலவழித்தே ஆக வேண்டும்; ஏனென்றால் கண் மன்னித்துவிடும் சிலும்பலை விரல் நுனி மன்னிக்காது. குறுக்கிடும் இடங்களில் ஒரு கோடு மற்றொன்றின் மேலே செல்வதுபோல் காட்ட ஒரு பள்ளத்தைச் சற்று விட்டுக் கொடுக்கலாம் என்றும் எண்ணினேன். அப்படிச் செய்தால் விரல் அந்த இடத்தில் வழி தவறும் என்பதால் இரண்டு பள்ளங்களையும் அப்படியே வெட்டிக்கொள்ள விட்டேன்.

புள்ளிகளுக்கான துளைகளில் எபாக்சி (ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றுவது பொறுமையான வேலை. அணைந்திருக்கும்போது அரிசி மாவுப் புள்ளிபோல வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஒளி வந்தால் ஊடுருவ வேண்டும். தெளிந்த எபாக்சியில் வெள்ளை நிறமியை ஊசி முனையளவு மட்டும் கலந்தால் இரண்டும் நடக்கும். நிறமி கூடினால் ஒளி வராது, குறைந்தால் உள்ளேயிருக்கும் எல்.இ.டி.யின் உருவம் தெரியும்; தனியாக ஒரு துண்டு மரத்தில் துளைகள் போட்டு வெவ்வேறு கலவைகளைப் பார்த்தபின்தான் பலகையில் கைவைத்தேன். மரத்தின் நுண்துளைகளிலிருந்து காற்று வெளியேறிக் குமிழிகள் எழும் என்பதால், துளைச் சுவரில் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்து அது இறுகியபின் மீதியை ஊற்ற வேண்டும். கடைசிச் சொட்டு மேற்பரப்பைத் தாண்டிச் சற்றே உப்பி நிற்கும்படி விட்டேன். உலர்ந்தபின் அது சிறு கவிகை வடிவில் நிலைத்துவிட்டது; கோடு பள்ளம், புள்ளி மேடு என்பதால் இருட்டில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. பலகைக்கு மெலமைன் பூச்சு அடிக்காமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் மெல்லியதாகத் தேய்த்தேன், ஏனெனில் மெலமைன் பள்ளத்தில் தேங்கி விளிம்பை மழுக்கிவிடும்.

குமிழ் பித்தளை. 45 மி.மீ. ராடிலிருந்து 42 மி.மீ. விட்டமும் 18 மி.மீ. உயரமுமாகக் கடைந்து, பக்கவாட்டில் வைர நர்லிங் (பிடிப்புக்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கும் வரிகள்) போட்டுத் தரச் சொல்லி லேத் பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்தேன். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வீட்டுல சுவத்துல மாட்டறதுங்களா? வைர நர்லிங் போட்டா அழுக்கு போய் உக்காந்துக்கும்ங்க, துடைக்கவே முடியாது. நெட்டுக்கு வரி போட்டுக்கலாங்க” என்றார். “சரிங்கண்ணா, அப்படியே போட்டுடுங்க” என்றேன். அவர் சொன்னபடி செங்குத்து வரிகளாக வந்த குமிழ், திருப்புவதற்குப் பிடிப்பாகவும், துணியை மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தால் சுத்தமாகிவிடும்படியும் இருக்கிறது. தோற்றத்திலும் அந்த வரிகள் தேக்கின் வரியோட்டத்தோடு ஒத்துப்போகின்றன. திடமாக விட்டால் அந்த அளவுள்ள பித்தளை 200 கிராமுக்கு மேல் கனக்கும். என்கோடரின் சிறிய தண்டு அதைச் சுமக்கக் கூடாது. உள்ளே குடைந்து பாதிக்கும் கீழாகக் குறைத்தபின், திருப்பும்போது கனமும் தெரிகிறது, தட்டலும் மழுங்கவில்லை. பித்தளை கறுக்காமல் காக்கும் லாக்கர் பூசவில்லை. கை படும் வரிகள் பளபளப்பாகவே இருக்கும், மேல்முகம் மெல்லக் கறுக்கும். அந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பித்தளை கறுத்தால் பிடிக்காது. அவர் புளி போட்டுத் தேய்ப்பார் என்பதும், புளித் தண்ணீர் தேக்கில் பட்டால் கறை பிடிக்கும் என்பதும் முன்பே தெரியுமாதலால், பக்கத்துத் திருகு ஒன்றைத் தளர்த்தினால் குமிழ் மட்டும் தனியாகக் கையோடு வந்துவிடும்படி செய்திருக்கிறேன்.

மின்னணுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையாக, வைஃபை உள்ள சிறு கணினிச் சில்லான ஈ.எஸ்.பி.32 மாட்யூல். 230 வோல்ட்டைப் பலகையின் பின்னால் கொண்டுவரவே இல்லை. சுவிட்ச் பெட்டிக்குள், ஃபியூஸுடன் தனி உறையில் வைத்த 5 வோல்ட் மாற்றியிலிருந்து தாழ்மின்னழுத்தக் கம்பி மட்டும் தனிக் குழாயில் வருகிறது. உலோகக் குமிழைக் கை தொடும் கருவியில் இந்தப் பிரிவினையை விட்டுக்கொடுக்கக் கூடாது. மின்பெட்டிக்குள் நடந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தார். புள்ளிகளுக்கு 3 மி.மீ. மஞ்சள் எல்.இ.டி.கள், ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் தடை, 3.3 வோல்ட்டில் ஏறத்தாழ 3.6 மில்லி ஆம்பியர்தான் ஓடும், அதுவே போதும். ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளிக்குக் கசியாமலிருக்க ஒவ்வொரு எல்.இ.டி.யையும் கறுப்புச் சுருங்கு குழாயில் நுழைத்தேன். பின்பெட்டி பி.வி.சி.யால் ஆனது, இரும்புப் பெட்டியாக இருந்தால் வைஃபை அடைபட்டுவிடும். அதே காரணத்துக்காக மாட்யூலின் ஆன்டெனா முனையைப் பித்தளைக் குமிழின் நிழலில் வைக்காமல் விளிம்புப் பக்கம் தள்ளியிருக்கிறேன்.

விசிறிக்குக் கட்டளை போவது அகச்சிவப்பு ஒளி வழியாக, 38 கிலோஹெர்ட்ஸ் அலையில். ரிமோட்டின் குறிகளை டி.எஸ்.ஓ.பி. 38238 ஏற்பியால் படித்து வைத்துக்கொண்டு, அவற்றையே 940 நானோமீட்டர் எல்.இ.டி. வழியாகத் திருப்பி அனுப்புகிறது கருவி. அந்த ஏற்பி நிரந்தரமாக உள்ளேயே இருப்பதால், யாராவது ரிமோட்டை அழுத்தினாலும் கருவி அதைக் கேட்டுத் தன் புள்ளியை மாற்றிக்கொள்கிறது. முகத்தில் இதற்கென்று ஒரு கறுப்புச் சன்னல் வைத்தால் கோலம் கெட்டுவிடும். விசிறி மேலேதானே இருக்கிறது; அதனால் பலகையின் மேல்விளிம்பில், பின்சரிவுக்குள் சிறு வெட்டு ஒன்று போட்டு, அனுப்பியையும் ஏற்பியையும் அங்கே சாய்வாக மேல்நோக்கி வைத்தேன். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. வெட்டை மூடுவதற்கான கறுப்பு அக்ரிலிக் துண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: சாயம் ஏற்றிய சில வகை அக்ரிலிக் அகச்சிவப்பை விடும், கரித்தூள் கலந்த வகை அடைத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. துண்டை ரிமோட்டின் முனையில் வைத்து அழுத்திக்கொண்டே கைபேசியின் முன்புறக் கேமராவில் பார்த்தால், விடும் வகையில் வெளிர் ஊதா மினுக்கம் தெரியும்.

நிரல், இத்தகைய சில்லுகளுக்கான ஈ.எஸ்.பி. ஹோம் என்ற மென்பொருளில் எழுதியது; ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளோடு பேசுகிறது. வலைத்தொடர்பு அறுந்தாலும் குமிழும் அகச்சிவப்பும் கருவிக்குள்ளேயே இயங்கும்படி வைத்திருக்கிறேன், ஏனெனில் விசிறியைக் குறைக்க யாரும் ரௌட்டரின் தயவை நாடி நிற்கக் கூடாது. குமிழை அழுத்தினால் விசிறி நிற்கும், மறுபடி அழுத்தினால் விட்ட வேகத்திலேயே தொடங்கும். விளக்குகளையும் இதிலேயே சேர்த்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நீண்ட அழுத்தம், இரட்டை அழுத்தம் என்று சேர்க்கச் சேர்க்க, முகத்தில் வரையாத செயல்கள் கருவிக்குள் பதுங்கிவிடும்; ஐந்து புள்ளி ஐந்து வேகம் என்ற நேர்மை போய்விடும். அதனால் சேர்க்கவில்லை. தானியங்கியாக நடப்பது இரண்டுதான்: விடியற்காலையில் வெப்பநிலை இறங்கினால் வேகம் ஒரு படி குறையும், இரவில் புள்ளியின் ஒளி, பகலில் இருப்பதில் ஒரு சிறு பங்காக மங்கிவிடும்.

மாட்டும்போது வட்டத்துக்குச் சாய்வு தெரியாது என்ற நம்பிக்கையில் ரசமட்டத்தை ஒதுக்கிவிடக் கூடாது. வட்டம் மன்னித்தாலும் கோலம் மன்னிக்காது: நடுப்புள்ளி சரியாக உச்சியில் நின்றால்தான் வில் இருபுறமும் சமமாக இறங்கும். மையத்தையும் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோட்டைப் பலகையின் பின்னால் பென்சிலால் இழுத்து, தூக்குக்குண்டு நூலோடு பொருத்தித் திருகினேன். நிழல் கோட்டுக்காக விட்ட 2 மி.மீ. ஒதுக்கத்தில் எறும்பு புகும், பல்லிக் குஞ்சும் தலையை நுழைத்துப் பார்க்கும். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி இது. ஒதுக்கத்துக்குள், விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி, மென்ரப்பர் வளையம் ஒன்றைச் சுவரோடு அழுந்தும்படி ஒட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து நிழல் அப்படியே விழுகிறது, உள்ளே வழி அடைபட்டுவிட்டது.

அம்மா இப்போது குமிழைத் திருப்புவதற்கு முன் கோலத்தின் இடப்பக்க முனையை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் திருப்புகிறார். எந்தப் பக்கம் குறைப்பது என்பதை அவருக்கு அந்தச் சிறிய புள்ளி சொல்லிவிடுகிறது. நான் அதற்கென்று எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்ததாகப் படுக்கையறைக்கு ஒன்று செய்யவிருக்கிறேன். அங்குள்ள விசிறிக்கு ஆறு வேகம் என்பதால் வில் 180 பாகைக்கு நீளும், கோட்டில் ஐந்து குறுக்கீடுகள் வரும். அதற்குத் தேக்குக்குப் பதில் வேங்கை மரம் எடுக்கலாமா என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன்.